இதர செலவு

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
உங்கள் கலைக்கூடத்தின் பரப்பளவு?

காவேரிப்பட்டணம் சாலையில்
மாங்கூழ் பேக்டரியின் எடைமேடை அறை.
ஆறடிக்கு எட்டடி.
பாதி கம்ப்யூட்டருக்கு, கால்வாசி டேபிள் ஃபேனுக்கு.
நாற்பத்தெட்டு சதுர அடி என்று எழுதினேன்.
பொய்யில்லை.
என் அறையும் இல்லை.

ஆனி பூராவும் டிராக்டர்கள்.
கிளிமூக்கு, கிளிமூக்கு, மறுபடியும் கிளிமூக்கு.
பாரத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டு ஒரு எடை,
கழித்தால் நிகரம்.
சீட்டு மூன்று படி.
வெள்ளை ஆபீசுக்கு, ரோஸ் விவசாயிக்கு,
மஞ்சள் யாருக்கும் இல்லை, கம்பியில் குத்திவைப்போம்.

வரிசை நகராத ராத்திரிகளில்
பிரிண்டர் தப்பாக அடித்த சீட்டுகளை எடுத்து
டிரெய்லருக்கு அடியில் தூங்குகிறவர்களை
பால்பாயிண்ட் பேனாவால் வரைவேன்.
வெள்ளையில் மூக்கு, மீசை எல்லாம் இருக்கும்.
கார்பன் வழியே மஞ்சளுக்கு இறங்கும்போது
ஆள் போய்விடுவான்,
தூக்கம் மட்டும் வந்து சேரும்.
எனக்கு அந்த மூன்றாம் படிதான் படம்.

இதை இருநூறு சொற்களில் சொல்லச் சொன்னார்கள்.
நூற்றுப்பத்தில் முடிந்துவிட்டது.
மிச்சத்துக்கு அந்த வருட மழையைப் பற்றி எழுதினேன்.

இரண்டு லட்சம்.

பெங்களூரில் யாரோ ஒரு அம்மா,
பேரிங் செய்கிற குடும்பம்.
அவர் வரைவார் என்பதே
பீரோவைக் காலி செய்தபோதுதான் தெரிந்ததாம்.
அவர் பெயரில்தான் அறக்கட்டளை.
போட்டோவில் சிரிக்கவில்லை. பிடித்துப்போயிற்று.

பேங்க்கில் கேட்டார்கள்: கடனா?
இல்லை.
பரிசா?
இல்லை, இன்னும் எதுவும் செய்யவில்லை.
அப்புறம் எதுக்குக் குடுக்கறாங்க?
எனக்குப் பின்னால் நின்ற நகைக்கடன்காரர்களும்
பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

கொழுந்தன் ஏகாம்பரம் அன்றைக்கே வந்தான்.
போர் ஆயிரத்து இருநூறு அடி போயாச்சு அண்ணி,
இன்னும் நூறடி, தண்ணி நிச்சயம்.
தண்ணீருக்கு எதிரே நின்று
படத்துக்காக எப்படி வாதாடுவது?
நாற்பதாயிரம்.
கணக்கில் எந்தத் தலைப்பில் போட?
இதர செலவு.

வைகாசியில் சம்பளமில்லா விடுப்பு.
ராயக்கோட்டை ரோட்டில் மாடியறை, அட்வான்ஸ் உட்பட.
பருத்தித் தாள், ஒரு தாள் என் ஒருநாள் சம்பளம்.
தாளைத் தொடுமுன் கழுவிக் கழுவியே
கை வறண்டுபோனது.
ஜன்னலில் கோட்டைமலை, நல்ல வெளிச்சம்,
ஆடாத மேசை.
தூங்குவதற்குத்தான் ஆளில்லை.

நாற்பத்தேழு நாள்.
ஒரு கோடு போட்டேன்.
அதுவும் அழகாக இருந்தது, அதனால் கிழித்தேன்.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் மீதி இருக்கிறது,
திருப்பி அனுப்பட்டுமா என்று கடிதம் போட்டேன்.
செயலாளர் சுகுணா ராவ் நாலே வரியில் பதில்:
லோகாம்பிகை,
படத்துக்காக என்று நாங்கள் எழுதினோமா?
ஒப்பந்தத்தில் இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.
உங்கள் போர்வெல்லில் தண்ணீர் வந்ததா?

படித்தேன்.
இத்தொகை கலைஞருக்கு, என்றிருந்தது.
அவ்வளவுதான்.
கலைக்கு என்றில்லை.
(தண்ணீர் வரவில்லை.)

ஆடி முதல் வாரம், ஷிஃப்ட் இல்லாமல்,
ராத்திரி பதினோரு மணிக்கு,
பேக்டரி வாசலுக்குப் போனேன்.
என் நாற்காலியில் புதுப்பையன், பெயர் திம்மராஜ்.
டீ வாங்கி வந்தேனா, வேவு பார்க்க வந்தேனா என்று யோசித்தான்.
ஒரு டிரைவர் கோணிச்சாக்கில் இடம் ஒதுக்கினார்.
டிரெய்லருக்கு அடியில் நீட்டிப் படுத்தேன்.
மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் அச்சு, கிரீஸ்,
அதற்கு மேலே ஐந்து டன் கிளிமூக்கு.
பலகை இடுக்கில் சாறு கோர்த்து
விழலாமா வேண்டாமா என்று நின்றது.

இவ்வளவு வருடமாய் வரைந்த தூக்கத்துக்கு
இதுதான் கூரை என்று
எனக்குத் தெரியாது.

விடியும்வரை வரைந்தேன்.
மல்லாந்தபடி, சீட்டை அச்சில் அழுத்தி,
மேல்நோக்கி எழுதினால் நின்றுபோகிற பேனாவால்.

அறிக்கையோடு ரசீது இணைக்க வேண்டுமாம்.
தாளுக்கு இருக்கிறது, வாடகைக்கு இருக்கிறது.
அந்த ராத்திரிக்கு
மஞ்சள் படி ஒன்றைப் பின் அடித்தேன்.
மொத்தம் இருக்கிறது, நிகரம் விட்டுப்போயிருக்கிறது,
குறுக்கே ஒரு அச்சு, ஒரு சொட்டு.

திம்மராஜ் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அக்கா, இது செல்லாதுக்கா, என்றான்.