கம்பம் எண் 417

ஆஸ்காமுக்குத் தெற்கே
சிவப்பு மணலில் போகிறது எங்கள் மின்பாதை.
417-இன் தோளில் ஒரு வைக்கோல்போர்.
நெசவுக் குருவிகள் எத்தனையோ கோடையாக
ஏற்றி வைத்தது.
மழையில் ஊறினால் கம்பியைத் தொடும், பொறி பறக்கும்,
நோனிபுட் வரைக்கும் இருட்டு.
அறுத்துத் தள்ளவும் என்று தாள் வந்தது,
அப்பிங்டன் அலுவலகத்திலிருந்து.

கீழே ரம்பத்தோடு பெட்ரஸ்.
ஏணியில் நான், மக்ரீட்டா ஸ்வார்ட்போய்,
பதினொரு வருஷமாக ஏறுகிறவள்.
கூட்டின் அடிவயிற்றில் நூறு துளைகள்.
ஒன்றின் உதட்டில் மட்டும்
சுண்ணாம்பை அப்பியதுபோல எச்சம்.
குருவிகள் வாசலை இப்படி வைத்துக்கொள்ளாது.

'நிறுத்து' என்றேன்.

முதலில் வந்தது ஆண்.
சாம்பல் முதுகு, சலவை வெள்ளை மார்பு,
கண்ணைச் சுற்றிச் சிவப்பு,
கடன் வாங்கிப் போட்டதுபோல் சிவந்த கால்கள்.
வல்லூறுதான், சந்தேகமில்லை.
ஆனால் ஒரு கோழிமுட்டையின் கனம்கூட
இருக்குமோ என்னவோ.
அலகில் அரணை.
அதன் வால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
தலையை மேலும் கீழும் ஆட்டி
ஏதோ கணக்கு ஒப்பித்தது.
துளையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.
அவளுக்கு மட்டும் முதுகு பழுப்புச் சிவப்பு,
இந்த மணலிலேயே புரண்டு எழுந்தவள்போல.
அரணையை வாங்கிக்கொண்டாள். நன்றி எதுவும் இல்லை.

அவள் வெயில் காயப் போன நேரத்தில்
கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன்:
வெள்ளையாக மூன்று.

படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்றொரு கட்டம்.
'ஏணி சரியில்லை' என்று எழுதினேன்.
அடுத்த மாதமும் ஏணி சரியில்லை.

அக்டோபர் கடைசியில் சாப்பாட்டு வேளை.
வெட்டுக்கிளி, வண்டு, மறுபடி அரணை.
கம்பியில் உட்காரும், கல்லைப்போல் விழும், எழும்.
அப்புறம் பக்கத்துத் துளைக்குள் தலையை விட்டு
இறகு முளைக்காத நெசவுக் குஞ்சொன்றை
இழுத்துக்கொண்டு போனது.
பெட்ரஸ் ரொட்டியைக் கீழே வைத்தான்.
'வீட்டுக்காரன் பிள்ளையைத் தின்கிற குடித்தனக்காரன்.
இதற்காகவா பொய் எழுதினாய்?'
நான் பேசவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்:
'இந்த ஊருக்கு அது புதிதா என்ன.'

டிசம்பரில் மூன்றும் பறந்துவிட்டன.
மற்றத் துளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்,
குஞ்சில்லாத நாளாகத் தேர்ந்து அறுத்தோம்.
ஒரு லாரி வைக்கோல் மணலில் சரிந்தது.
அந்த அறையைத் தேடிப் பிரித்தேன்.
வண்டுச் சிறகோடுகள், காய்ந்த எச்சம்,
நூலாய்ச் சுருண்ட ஓர் அரணை வால்.
தன் பங்குக்கென்று
ஒரு புல்லைக்கூட அவை கொண்டுவந்திருக்கவில்லை.

ஏணியை மடக்குவதற்குள்
குருவிகள் 418-இல் முதல் குச்சியைச் செருகிவிட்டன.
இரைச்சலோ இரைச்சல்.
கம்பியில் இரண்டு கோழிமுட்டைகள்,
ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு,
தோளோடு தோள் ஒட்டி
வாலை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தன,
வேலை எதுவரை வந்திருக்கிறது என்று.