சாமநத்தம் கண்மாய், மழைக்கு மறுநாள்

வில்லாபுரத்தில் நேற்றிரவு பெய்தது
இப்போதுதான் இங்கே வந்துகொண்டிருக்கிறது:
ஒரு டீக்கப், சால்னா ஒட்டிய பை,
யார் குதிகாலோ தேய்த்துத் தீர்த்த
இடதுகால் செருப்பு.

வாய்க்கால் முகப்பில் ஜைனம்பு
முதல் பாட்டிலை முக்கி எடுக்கிறாள்.
ஆய்வுக்கூடத்துக்காரி, முகம் சுளிப்பதில்லை.
நான் வண்டி ஓட்டி வந்தவன், சும்மா நிற்கிறேன்.
நீர்மேல் விரியும் அந்த ஏழுநிறப் படலத்தை
எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை என் பட்டறை வாசலில்
நான் கொட்டிய பழைய ஆயில்.

சொல்லவில்லை.

சம்பங்கோரைக்குள் நுழைந்ததும்
தண்ணீருக்கு அவசரம் போய்விடுகிறது.
தண்டுக்குத் தண்டு நின்று
வேரிடம் கொஞ்சம், சேற்றிடம் கொஞ்சம்
தவணை கட்டுகிறவனைப் போல
கொடுத்துவிட்டு நகர்கிறது.

கரையோடு அரைமணி நடந்து
மடைக்கு வந்தோம்.
இரண்டாம் பாட்டிலை வெயிலில் பிடித்தாள்.
அதற்குள் ஒரு நாமக்கோழி
இடம்வலம் மாறி நீந்திப் போனது
நெற்றி வெள்ளை கலங்காமல்.

"குடிக்கலாமா?"
"ஆசையப் பாரு" என்று
மூடியைத் திருகினாள்.

கிளம்பும்முன் கைகழுவக் குனிந்தேன்.
நகக்கண்ணில் இன்னும் கருப்பு.
எழுந்து
சட்டையிலேயே துடைத்துக்கொண்டேன்.