பதினாலாம் கட்டம்

ஹீயுமா தீவுக்குப் படகில் ஒன்றேகால் மணிநேரம்.
என் பையில் நாற்பது வினாத்தாள்கள், ஒரு பென்சில்,
வழியில் கடிக்கக் கறுப்பு ரொட்டி.

பதினாலாம் கட்டத்தில் இரண்டே இலக்கம்:
கடைசி மாதவிலக்கின்போது வயது.
தெரியாதவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது.

தாமதமாய் நின்றவர்கள் சற்று நெடுநாள் இருக்கிறார்கள் என்று
எங்கள் துறையில் ஒரு கோடு உண்டு.
மேலேறும் கோடுதான்.
சைக்கிளில் போனால் மேடு என்றே தெரியாது.

சல்மெக்கு எண்பத்தொன்பது.
கதவைத் திறந்ததும், "மீன் தின்பாயா?" என்றாள்.
செய்தித்தாள்மேல் புகையில் வாட்டிய தட்டைமீன்.
முள்ளை உருவிக்கொண்டே கேட்டேன்:
"எப்போது நின்றது?"
"எது, படகா? கடல் உறைந்தால் நிற்கும்.
அப்புறம் பனிக்கட்டிமேல் காரோட்டிக்கொண்டு போவோம்."

விளக்கினேன்.
சிரித்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.
"முதல்முறை வந்தது நினைவிருக்கிறது.
செவ்வாய்க்கிழமை, கணக்கு வகுப்பு,
அக்காவின் கம்பளிப் பாவாடை.
கடைசி எதுவென்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?
மாதாமாதம் போய்வருகிறேன் என்றுதான் சொல்லிப் போனது.
ஒருமுறை வரவில்லை.
அவ்வளவுதான்."

பிறகு விரல்விட்டு எண்ணினாள்.
கூட்டுப்பண்ணையில் ஹெர்ரிங் மீனுக்கு உப்பிட்ட பருவம்,
உப்பு நகக்கண்ணில் எரிந்தது,
பழந்துணி மடித்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை,
அடுத்த வசந்தத்தில் அதைக் கிழித்து ஜன்னல் துடைத்தேன்.
"நாற்பத்தொன்று என்று போடு."

அக்கா ஹெல்யுவுக்கு ஐம்பத்தாறு வரை ஓடியதாம்.
சவுனாவில் எல்லோரும் கேலி செய்வார்களாம்,
உனக்கு மட்டும் இலையுதிர்காலமே கிடையாதா என்று.
அறுபத்திரண்டில் செத்தாள்,
அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது.

"உன் கோட்டில் அவள் எங்கே?"

ஆயிரம் ஆயிரம் பேரைச் சேர்த்தால்தான் அது கோடு,
ஒருத்திக்கு இல்லை என்றேன்.
கேட்டுக்கொண்டே மீன்தலையைப் பூனைக்குப் போட்டாள்.
"அப்படியானால் சரி."

"நாற்பத்தொன்று நிச்சயமா?"
"நிச்சயமாக எப்படிச் சொல்வேன்?"
"நிச்சயமில்லாவிட்டால் தொண்ணூற்றொன்பது போடவேண்டும்."
"தொண்ணூற்றொன்பதா! போடு, போடு.
இன்னும் பத்து வருஷம்!"
பூனை மிரண்டு மேசைக்கடியில் போனது.

நான் நாற்பத்தொன்று என்றே எழுதினேன்,
பென்சிலால்.

திரும்பும் படகில் காற்று.
எனக்கு நாற்பத்தெட்டு.
கைபேசியில் பதினோரு மாதம் வெறும் கட்டங்கள்.
பன்னிரண்டு ஆனால்தான் நின்றது என்று எழுதலாம்,
அதுதான் விதி, நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.
ஆடும் கழிப்பறையில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பார்த்தேன்.
சிவப்பு.
ஓர் ஐந்து நாள்கூடப் பொறுக்கவில்லை.

சிற்றுண்டிக்கடைப் பெண்ணிடம் கேட்டேன்.
கல்லாவுக்குக் கீழேயிருந்த தன் பையில் துழாவி
ஒன்றைக் காகிதக் கைக்குட்டைக்குள் சுருட்டித் தந்தாள்.
காசு வாங்கவில்லை.

பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணவேண்டும்.
கோட்டின்படி என் கணக்கில் ஏதோ கூடியிருக்கும்,
ஒரு வாரமோ, ஒரு மத்தியானமோ.
மகிழ்ச்சிப்படலாமா என்று யோசித்தேன்.
இடுப்பு வலித்தது.

மேல்தளத்துக்கு வந்தேன். தீவு ஏற்கெனவே மறைந்திருந்தது.
விரல்களில் இன்னும் மீன்வாடை.
வாசலில் சல்மெயிடம் நானும்
போய்வருகிறேன் என்றுதான் சொன்னேன்.