சுற்றுலா விண்ணப்பத்தின் பின்பக்கம்

பள்ளத்தூரிலிருந்து சிறுமலை.
திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழி.
காலை ஐந்துக்கு வண்டி. ஏழாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பேர்.
கொண்டை ஊசி வளைவுகளுக்கென்று
நாற்பத்திரண்டு பாலித்தீன் பை, புளிப்பு மிட்டாய்.

நோக்கம் என்ற இடத்தில்
பளியர் வாழ்வைக் காட்டிலேயே கற்றல் என்று எழுதினேன்.
'காட்டிலேயே'வைத் தலைமையாசிரியர் அடித்தார்.
பெற்றோர் பயப்படுவார்களாம்.

மலையில் பேச ஒப்புக்கொண்ட வெள்ளைக்கண்ணு
போனில் ஒன்றுதான் கேட்டார்:
"பிள்ளைக பாக்க வருதா, கேக்க வருதா?"
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
இருந்தது. மூன்று கோடு.

பெயர் எடுக்கையில்
கடைசி பெஞ்சு சிலம்பாயி கை தூக்கவில்லை.
காசா? இல்லை.
வண்டியில் வயிறு பிரட்டுமா? அதுவும் இல்லை.

அவள் அப்பா சங்கன்
போன மாசம் எங்கள் பள்ளி மாடியில்
தேன்கூடு இறக்கினார்.
புகை மட்டும்தான். ஓர் ஈ சாகவில்லை.
தந்த தேனை
ஆசிரியர் அறையில் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம்.
அவர் பழங்குடி என்று சொல்ல வேண்டிய தாள்
தேவகோட்டை கோட்டாட்சியர் அலுவலகத்தில்
நாலு வருசமாய்
எந்த மேசையில் கிடக்கிறதோ.

"மலையில உள்ளவுகளுக்கு
தாள் இருக்கா டீச்சர்?"
உட்கார்ந்தபடியே கேட்டாள்.
யாரோ சிரித்தார்கள்.
நான் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்,
ஏற்கெனவே திறந்திருந்ததை.

தலைக்கு முந்நூற்றைம்பது. மதியம் தக்காளி சாதம்.
நோக்கம் என்ற இடத்தின் மேல்
வெள்ளை மை பூசியிருக்கிறேன்.
ஊதுகிறேன்.
இன்னும் காயவில்லை.