புல எண் 417/2

வரைபடத்தில் பதினோரு ஏக்கர் நாற்பது சென்ட்.
தாழை, உமரி, மணல். குடிநீர் இல்லை.
அளவுச் சங்கிலியோடு நான் போய்ச் சேர்ந்தபோது
அந்த இடத்தில் ஒரு பாகம் தண்ணீர் நின்றது.

வத்தையை நிறுத்தி, தாங்குகம்பை இறக்கிப் பார்த்த சந்தியாகு
"இதான் சார் குருவித்தலைத் தீவு" என்றார்.
கம்பு எதிலோ முட்டியது.
"எழுதிக்கோங்க. கிழக்கே கடல், மேற்கே கடல்,
தெக்கே, வடக்கே... நடுவுலயும்."
சிரித்தார். நான் எழுதினேன்.

சுரங்கம் என்றால் குழி இருக்கும்,
விட்டுப்போன பிறகும் வாய் திறந்து கிடக்கும்,
ஆடு விழும், வேலி போடுவார்கள்.
இங்கே தோண்டியவர்கள்
குழியைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

வேதாளைக் கரையில், கூரை போன கம்பெனிக் கொட்டகையில்
ஒரு பேரேடு கிடைத்தது. கரையான் பாதி, உப்பு பாதி.
அறுபத்து மூன்று, ஆனி மாதம்:
வத்தை பதினாலு. முருகைக்கல் இருபத்தாறு டன்.
டன்னுக்கு நாலே முக்கால்.
கடப்பாறை இரண்டு கடலில் போனது, பிடித்தம்.
ஆரோக்கியம் மகன் சூசை, விரல் மூன்று. பிடித்தம் அரை நாள்.
அடுத்த வரி, மையின் நிறம்கூட மாறாமல்:
கல் முப்பத்தொரு டன்.

கல் என்றுதான் எழுதினார்கள். மேலே வரும்போது
அது பழுப்பும் பச்சையுமாய் வழவழவென்று இருக்கும்,
வெயிலில் போட்டால் இரண்டு நாள் நாறும் என்றாள்
அதைச் சுமந்த குருசம்மாள்.
செத்த பிறகுதான் வெள்ளை.
வெள்ளைக்குத்தான் விலை.
காளவாசலுக்குக் கொஞ்சம், கார்பைடுக்கு மீதி,
லாரி லாரியாய்ப் போனது.

எழுபத்தொன்பதில் கச்சான் அடித்த ஓர் இரவில்
தாழைகள் சாய்ந்தன. விடிந்தபோது தீவு
ஒரு மாட்டின் முதுகளவு.
மறு வருடம் அதுவும் இல்லை.
கம்பெனி அடுத்த தீவைக் கேட்டு மனுப் போட்டது.
நாடா கட்டி இன்னும் எங்கள் ஆபீசில் இருக்கிறது.

குருசம்மாளுக்கு என்னிடம் ஒரே கேள்வி:
தடுக்க ஒன்றும் இல்லாமல் அலை நேரே வந்து
தின்றுவிட்ட பின்சுவருக்கு
நிவாரணம் உண்டா?
சுவரைப் பார்த்தேன். உடைந்த இடத்தில்
கண் கண்ணாய் முருகைக்கல்.
கூலி பாக்கிக்குப் பதில் கொடுத்ததாம்.

படிவத்தில் 'இயற்கைச் சீற்றம்' என்று ஒரு கட்டம் உண்டு.
பேனாவை அதன்மேல் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.

பங்குனிதோறும் கீழக்கரையிலிருந்து
காசீம் மரைக்காயரின் பேரன் வருவார்,
தீவுக்குக் கிஸ்தி கட்ட.
நிலம் இல்லை என்று இந்த வருடம் சொல்லியேவிட்டேன்.
"தெரியும்" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.
"பட்டா இருக்குல்ல.
கட்டாம விட்டா கவர்மெண்ட் எடுத்துக்கும்."

பதினோரு ரூபாய் நாற்பது காசு.
ரசீது எழுதும்போது பின்சுவரிலிருந்து
சுண்ணாம்பு உதிர்ந்து கார்பன் தாளில் விழுந்தது.
ஊதிவிட்டு
முத்திரை குத்தினேன்.