இருக்காம்

பத்து நிமிடம் மெஷினைக் கழற்றிவைத்து
நெஞ்சு ஏறுகிறதா என்று
ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம்.
ஏறவில்லை.
ஆறு மணித்தியாலம் கழித்து மறுபடியும்.
ஏறவில்லை.
டொக்டர் நேரம் எழுதினார்: மாலை 5.40.
லோகிதன் இறந்த நேரம் அது.

அதற்குப் பிறகும்
மணிக்கொருதரம் அவன் மூத்திரப்பையை அளந்தேன்.
உடம்பு குளிர்ந்தது, போர்த்தினேன்.
சரியாக மூடாத இமைகளுக்கு ஈரத்துணி வைத்தேன்.
புரட்டும்போது
"தம்பி, திருப்பப்போறன்" என்று
வாய் தன்பாட்டில் சொன்னது.
மறுபக்கம் பிடித்திருந்த ஜெஸீமா
ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் சொல்லுகிறவள்தான்.

பயிற்சியில் படிப்பித்தது ஒன்றே ஒன்று:
நிகழ்காலத்தில் கதைக்காதே.
'சாகிறார்' இல்லை, 'போய்க்கொண்டிருக்கிறார்' இல்லை.
இறந்துவிட்டார்.
அந்த 'விட்டார்' வரைக்கும்
குரல் இறங்காமல் போகவேண்டும்.

மருந்து அறைக்குப் பக்கத்து அறை.
மின்விசிறி ஒன்று, பிளாஸ்டிக் கதிரை மூன்று.
நேசம்மா ஒன்றின் நுனியில் இருந்தா.
"கை சுடுது புள்ள.
செத்த கை சுடுமா?"
மெஷின் ஊதுற காத்தும் மருந்தும் அம்மா, என்றேன்.
"கால்விரல் அசைஞ்சதக் கண்டன்."
அது முள்ளந்தண்டின் வேலை, அவர்ட இல்ல.
'அவர்ட' என்றதும்
நானே எங்கோ தடுக்கினேன்.

பிறகு கேட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

வெளியே தள்ளுவண்டி ஒன்று
சில்லு கிறீச்சிட்டுப் போய்த் திரும்பி வந்தது.
"மூத்தவனக் கூட்டிக்கொண்டு போனாக்கள்
செருப்பக்கூடத் தரல்ல.
பதினெட்டு வருசம்.
இவன முழுசாத் தருவீங்களா?"

மோட்சம் கேட்பா, புண்ணியம் கேட்பா என்று
பதில்கள் வைத்திருந்தேன்.
இதற்கு வைத்திருக்கவில்லை.
"முழுசா இல்லம்மா.
கிட்னி ரெண்டும் இருக்காது. தையல் இருக்கும்.
ஆனா தருவம்.
நானே கொண்டு வாறன்."
"கண்?"
நீங்க சொல்லுறதுதான்.
"கண்ண விடுங்க.
என்னத் தேடி வர வேணும் அவனுக்கு."

பேனா மூடியை வாயால் கழற்றி
எழுத்து எழுத்தாய்ப் பெயரை வைத்தா.
கண் என்ற கட்டத்தை
நான் வெறுமையாய் விட்டேன்.

கண்டியிலிருந்து அவர்கள் வர இரண்டரை.
மகாஓயாப் பக்கம் யானை மறித்ததாம்.
வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று இறங்கியது.
வாழைச்சேனைத் துறையிலிருந்து
சைக்கிளில் கட்டிக்கொண்டு
லோகிதன் மீன் ஏற்றித் திரிந்தானே, அதே சாதிப் பெட்டி.
கும்புறுமூலைச் சந்தியில் அது சிதறிக் கிடந்ததாக
பொலிஸ் கடதாசியில் இருந்தது.
தாய் இருந்த வாங்குப் பக்கத்தால் கொண்டுபோகாமல்
ஸ்டோர் கதவைத் திறந்துவிட்டேன்.

தியேட்டரில் கடைசிவரை நின்றேன்.
நெருக்கமாத் தைங்க சேர்,
அவங்க பாப்பாங்க, என்றேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
தலை நிமிராமல் அவர்
பெரிய ஊசியை வைத்துவிட்டுச் சின்னதைக் கேட்டார்.

துடைத்தோம். தலை வாரினோம்.
அனுமதித்த அன்று வெட்டி எடுத்த கோயில் நூல்
கவரில் இருந்தது. முடிச்சுப் போட்டுக் கட்டினேன்.

விடியப்புறம், வாவிக் காற்றில்
வானின் பின்கதவு அடித்துக்கொண்டிருந்தது.
நேசம்மா முகத்தைத் திறக்கவில்லை.
கால்பக்கத் துணியை விலக்கி
பெருவிரலிலிருந்து எண்ணினா.
பத்து.
"சரி" என்றா.

மூன்று மாதம் கழித்து
வார்ட் போனுக்கு எடுத்தா.
"புள்ள, அது எப்பிடி இருக்கு?"
தூரத்தில் கட்டிக்கொடுத்த பிள்ளையைக்
கேட்கிற குரல்.
பெயரில்லாமல், ஊரில்லாமல்
இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்திருந்தது.
ஒன்று நன்றாக வேலை செய்கிறது.
மற்றதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நல்லா இருக்காம் அம்மா."
"ரெண்டுமா?"
இறந்தகாலத்தைப் பிசகாமல் சொல்லப் படித்த நாக்கு
அந்த 'ஆம்'இன் பின்னால் போய் ஒளிந்தது.
"ரெண்டும் இருக்காம்."

நாலாம் கட்டிலில் புதிய ஆள்.
அலாரம் அடிக்கத் தொடங்கியது.
வயரை இழுத்தபடி எட்டிப் பார்த்தேன்,
ஜெஸீமா ஓடுகிறாள்.
காதில் இன்னும் நேசம்மா:
"சாப்பிடுதாமா?"

சாப்பிடுதாம், என்றேன்.