பொதுவில் விட்டது

அவிநாசி சார்பதிவாளர் ஆபீசில்
எனக்கு டோக்கன் முப்பத்தேழு.
ஓடுவது பத்தொன்பது.
சர்வர் படுத்துவிட்டதென்று யாரோ சொல்லிப் போக
பைக் சீட்டின்மேல் லேப்டாப்பைத் திறந்து
நானும் ஒரு பாகப்பிரிவினையைத் தொடங்கினேன்.

ஆறு வருசமாக ஒரே ரெப்போவில் கிடந்தது.
மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்து மோட்டாரை ஓட்டும் நிரல்.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், காசில்லை.
போன் ஆப்,
ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உட்காரும் பலகையின் நிரல்,
"மோட்டார் ஓடுகிறது" என்று மூன்று மொழியில் சொல்லும் குரல்
எல்லாம் ஒரே சட்டியில் கொதித்தன.
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்த பையன்
ரெண்டு ஜிபி இறக்கிவிட்டு
அப்புறம் வரவேயில்லை.
காங்கயத்து பர்கத் நிஷா எழுதினாள்:
பலகை நிரல் மட்டும் போதுங்க எனக்கு.
உங்க சாமான் செட்டையெல்லாம்
நான் எதுக்குங்க சொமக்கணும்?

நியாயம்தான்.

பக்கத்து மேசையில் பத்திரம் எழுதுகிறவர்
உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.
காதில் விழுந்ததைக் கை தட்டியது:
இதற்கு வடக்கு ஆப். தெற்கு பலகை.
கிழக்கு குரல்.
மேற்கில் என்ன இருந்ததென்று யோசிக்கவில்லை.

வரலாற்றையும் பிரித்தேன்.
ஆயிரத்து நூறு கமிட்டில்
மூன்று பக்கத்தையும் தொட்டவை அறுபதோ என்னவோ.
எந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாலும்
பாதி வாக்கியமாக நின்றன.
இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.
டோக்கன் முப்பத்தாறு வந்திருந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ரெண்டு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்தது.
சென்னிமலைப் பக்கம் துளசிமணி
மோட்டாரைப் போட்டு, மூணரைக்கு நிறுத்தி,
குரல் "நின்றது" என்றதும் படுத்துவிட்டாள்.
அது நிற்கவில்லை.
விடியும்போது கிணற்றில் சேறு.
காயில் கருகிய நாற்றம் சாளை வரை.

ஆப்பில் யாரோ நிறுத்தும் குறியைச்
சுழியத்திலிருந்து ரெண்டாக்கியிருந்தார்கள்,
நல்ல காரணத்துக்காக.
குரலும் ஒத்துக்கொண்டது.
பலகைக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்று ரெப்போவிலும் டெஸ்ட் பச்சை.
அவளுடைய புகாரைக்
குரல்காரர்கள் ஆப்புக்குத் தள்ள
ஆப் பலகைக்குத் தள்ள
பலகை "எங்களுடையது அல்ல" என்று மூடியது.
பொய் யாரும் சொல்லவில்லை.
அவரவர் காட்டில் அவரவர் வெள்ளாமை சரி.
பிசகு வரப்பில் இருந்தது.
வரப்பு யார் பேரிலும் இல்லை.

அன்றைக்குத்தான் எங்கள் பத்திரத்தை
முழுசாகப் படித்தேன்.
நாலேகால் ஏக்கர், எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி.
ஐந்தாம் பக்கத்தில்:
மேற்படி இட்டேரியில் ஆள், ஆடுமாடு, வண்டி வாகனம்
போகவர இருவருக்கும் உரிமை.
அடைக்க ஒருவருக்கும் உரிமையில்லை.
(தம்பி கல்லுக்காலை அரையடி
தள்ளி நட்டிருக்கிறான். அது வேறு கதை.)

நாலாவதாக ஒரு ரெப்போ திறந்தேன்.
பேர் இட்டேரி.
உள்ளே ஒரே கோப்பு, பதினோரு சொல்.
போடு, நிறுத்து, கரண்ட் வந்தது, கரண்ட் போச்சு
இந்த மாதிரி.
மூன்று பக்கத்து ஆளும் கையெழுத்து வைக்காமல்
இதில் ஒரு புள்ளி நகராது.
மெதுவாகத்தான் நடக்கும்.
மெதுவாக நடக்கட்டும்.
கருகிய காயிலுக்கு நாலாயிரத்து இருநூறு
நாங்கள் ஏழு பேர் போட்டு அனுப்பினோம்.

நேற்று இட்டேரிக்கு முதல் விண்ணப்பம் வந்திருக்கிறது,
பர்கத் நிஷாவிடமிருந்து.
பன்னிரண்டாவது சொல் ஒன்று வேண்டுமாம்:
"தண்ணி இல்லை."

ஆறு வருசமாக எங்கள் மோட்டாருக்கு
அதைச் சொல்லத் தெரியாது.

ஆப் சம்மதித்துவிட்டது.
குரல் கன்னடத்துக்கு ஆள் தேடுகிறது.
நான் பலகையின் கையெழுத்துக்காக
உட்கார்ந்திருக்கிறேன்.